தைல மரம் எடுத்த செம்மண் நிலம்: ராகி ஏன் முளைக்கவில்லை?

ஆனேக்கல்_புங்கமரம்

வணக்கம். பெங்களூரு ஜீவன்பீமா நகரில் குடியிருக்கிறோம். என் கணவர் வீட்டாருக்கு ஆனேக்கல் வட்டத்தில், தளி போகும் சாலைப் பக்கம், இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. மாமனார் காலத்தில் ராகி விளைந்த காடு. ஆள் கிடைக்காமல் போனதும் தைல மரம் வைத்தார்கள்; சில வெட்டு எடுத்து விற்றார்கள். இப்போது பொக்லைன் வைத்து வேர்க்கட்டைகளை எல்லாம் பிடுங்கி எடுத்துவிட்டு, ஆடி மழைக்கு ராகி விதைத்தோம். பாதி நிலத்தில் முளைப்பே இல்லை. முளைத்த பயிரும் முழங்கால் உயரத்தோடு நின்று மஞ்சளாகிவிட்டது.

மண் பரிசோதனை செய்து பார்த்தோம். பி.எச். 5.2. அங்ககக் கரிமம், அதாவது மட்கிலிருந்து வருகிற கார்பன், 0.28 சதவீதம். தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) குறைவு, சாம்பல் சத்து (பொட்டாசியம்) நடுத்தரம். துத்தநாகமும் போரானும் பற்றாக்குறை என்று வந்திருக்கிறது.

உரக்கடைக்காரர் ஒருவர் ஒரு திரவத்தைக் காட்டி, ஏக்கருக்கு ஐந்து லிட்டர் விட்டால் ஒரே பருவத்தில் கரிமம் 1 சதவீதம் ஆகிவிடும் என்கிறார். தெரிந்தவர்கள் ஜீவாமிர்தம் மட்டும் போதும் என்கிறார்கள். என் கொழுந்தனார் யூரியாவைக் கூட்டிப் போடலாம் என்கிறார். ராகியே வராத மண்ணில் என்ன செய்வது? மரம் வைத்து மீண்டும் பூட்டிவிட மனம் ஒப்பவில்லை.

மாலூர்_ராகி

அக்கா, மஞ்சளானதைப் பார்த்து யூரியா போட்டுவிடாதீர்கள். பி.எச். 5.2 என்றால் மண் ஏற்கெனவே புளிப்பு, அமிலம்; யூரியா இன்னும் புளிப்பைத்தான் ஏற்றும். எங்கள் ஊரிலும் தைல மரம் எடுத்த காடுகள் நிறைய. 2017இல் கர்நாடக அரசு புதிதாகத் தைல மரம் நடத் தடை போட்ட பிறகு பலரும் எடுத்துவிட்டார்கள். எடுத்த முதல் ஆண்டில் யாருக்கும் ராகி சரியாக வந்ததில்லை. நாங்கள் கொள்ளு போட்டோம், அதுதான் தாங்கியது.

மழை பெய்து இரண்டு நாள் வெயில் அடித்ததும் மேல்மண் ஓடுபோல் இறுகிப் பொறுக்கு கட்டுகிறதா? முளைப்பு இல்லாததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். ராகி விதை கடுகைவிடச் சிறியது. பொறுக்கை உடைத்து வர அதற்குத் தெம்பு கிடையாது.

சிவாஜிநகர்_இயற்கைவழி

அம்மா, மண் செத்துவிடவில்லை, பட்டினி கிடக்கிறது. நாட்டுப் பசுஞ்சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு, வரப்பு மண் ஒரு பிடி சேர்த்து ஜீவாமிர்தம் விடுங்கள். நுண்ணுயிர் பெருகினால் பூட்டிக் கிடக்கிற சத்தை அவையே திறந்துவிடும். புளிப்புக்குச் சுண்ணாம்பு, சத்துக்கு ரசாயனம் என்று எதுவும் வேண்டாம். காட்டுக்கு யார் சுண்ணாம்பு போட்டார்கள்? யார் உரம் போட்டார்கள்?

ஹெப்பாள்_மண்ணாய்வு

பணி ஓய்வு பெற்ற மண் வேதியியல்காரன் நான். இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தத் திரவம். ஒரு ஏக்கரில் மேல் 15 சென்டிமீட்டர் மண்ணின் எடை ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. கரிமம் 0.28இலிருந்து 1 சதவீதம் ஆக வேண்டுமானால் கூடுதலாக ஆறரை டன் கரிமம் அந்த மண்ணில் தங்க வேண்டும். ஐந்து லிட்டர் திரவம் முழுக்க முழுக்கக் கரிமமாகவே இருந்தாலும் ஐந்தாறு கிலோதான். கணக்கு இவ்வளவு தெளிவாக இருக்கும்போது, ஏமாந்த விவசாயியைக் குறை சொல்லி என்ன பயன்? விற்பவரைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

ஜீவாமிர்தத்துக்கும் அதே கணக்கு. ஏக்கருக்கு 200 லிட்டர். அதில் 10 கிலோ சாணம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ மாவு. எல்லாம் சேர்த்து இரண்டு, இரண்டரை கிலோ கரிமம் வரும். நுண்ணுயிருக்கு அது ஒரு தூண்டுதலாக இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் தின்ன ஏதுமில்லாத நிலத்தில் நுண்ணுயிரைக் கொண்டுபோய் விட்டால் எத்தனை நாள் இருக்கும்?

தொழு உரத்துக்கு வருவோம். ஏக்கருக்கு மூன்று டன் போட்டால், பாதி ஈரம் போக, 400 கிலோ கரிமம் போல நிலத்துக்குள் போகிறது. நம் வெயிலில் பெரும்பகுதியை நுண்ணுயிர்கள் தின்று கரியமில வாயுவாக விட்டுவிடும். ஐந்தில் ஒரு பங்கு தங்கினால் நல்லது. அதாவது 80 கிலோ. இந்தக் கணக்கில் 0.1 சதவீதம் ஏறவே பத்து ஆண்டுக்கு மேல் ஆகும். இதைச் சொல்லி உங்களைச் சோர்வடையச் செய்வது என் நோக்கமல்ல. 0.28 ஓர் ஆண்டில் 0.3 ஆனால் அதுவே வெற்றி என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

செம்மண்ணில் ஏன் கரிமத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறோம்? லால்பாக்கில் ஏறி நிற்கிறோமே அந்தப் பாறை, கிட்டத்தட்ட 300 கோடி ஆண்டுப் பழைய நைஸ் பாறை. உங்கள் நிலத்துக்கு அடியில் இருப்பதும் அந்த இனம்தான். அது மழையில் கரைந்து, கால்சியமும் மக்னீசியமும் பொட்டாசியமும் கழுவிப்போய், இரும்பு ஆக்சைடும் கயோலினைட் களிமண்ணும் மிஞ்சியதுதான் நம் செம்மண். களிமண் துகள்களுக்குச் சத்தைப் பிடித்துவைக்கும் திறன் உண்டு. அதை நூறு கிராமுக்கு மில்லி ஈக்விவலன்ட் என்று அளப்போம். கரிசல் மண்ணில் இருக்கிற மாண்ட்மோரில்லோனைட்டுக்கு அது 80 முதல் 120 வரை. கயோலினைட்டுக்கு 3 முதல் 15தான். நன்றாக மட்கிய அங்ககப் பொருளுக்கு 200க்கு மேல். கரிசல்காட்டு விவசாயி கரிமத்தை இழந்தாலும் களிமண் கொஞ்சம் தாங்கும். செம்மண் விவசாயிக்கு மட்கு போனால் பிடித்துவைக்க வேறு ஆள் இல்லை.

காட்டுக்கு யார் சுண்ணாம்பு போட்டார்கள் என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. காட்டிலிருந்து யாரும் ஆண்டுதோறும் ராகியும் தாளும் ஏற்றிக்கொண்டு போவதில்லை. வேர் கீழிருந்து எடுத்த கால்சியம், இலையாக மேலே விழுந்து அங்கேயே மட்குகிறது. உங்கள் நிலத்தில் தைல மரத்தை வெட்டி லாரியில் ஏற்றிய ஒவ்வொரு முறையும் கால்சியமும் லாரியில் ஏறிப் போயிற்று.

ஒரு கேள்வி. வேர்க்கட்டை எடுத்தபோது பொக்லைன் எவ்வளவு ஆழம் தோண்டியது? முளைக்காத பாதியும் பொக்லைன் அதிகம் தோண்டிய பாதியும் ஒன்றுதானா? பரிசோதனைக்கு மண் எங்கிருந்து எடுத்தீர்கள்?

ஆனேக்கல்_புங்கமரம்

ஐயா, நீங்கள் கேட்ட பிறகுதான் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றியது. கிழக்குப் பக்கம் மரங்கள் பெரியவை. நான்கைந்து அடி ஆழம் தோண்டினார்கள். அந்தப் பக்கம்தான் முளைக்கவில்லை. மண் நிறமே வேறாக, வெளிறிய சிவப்பாக, சிறு சரளையோடு இருக்கிறது. மேற்குப் பக்கம் வரப்பில் பழைய புங்க மரங்கள் நிற்கின்றன. அங்கே பயிர் சுமாராக இருக்கிறது. பரிசோதனைக்கு மண்ணை வேலையாள் ஒரே இடத்தில் எடுத்துக் கொடுத்தார், கிழக்கே.

ஹெப்பாள்_மண்ணாய்வு

அப்படியானால் அடிமண் மேலேயும் மேல்மண் கீழேயும் போய்விட்டது. அந்த அறிக்கை அடிமண்ணின் அறிக்கை. வேர்க்கட்டை எடுக்கப்போகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து மேலே உள்ள அரை அடி மண்ணை முதலில் ஓரமாக வழித்துக் குவித்து வைத்துவிட்டு, கட்டையை எடுத்துக் குழியை மூடிய பிறகு அதை மேலே பரப்புங்கள். கூடுதலாக ஒரு நாள் வாடகை ஆகும். ஆனால் ஒரு விரற்கடை மேல்மண் உருவாக நூற்றாண்டுகள் பிடிக்கும்.

இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி மாதிரி எடுங்கள். மேலே கிடக்கும் சருகை விலக்கிவிட்டு, ஆங்கில 'வி' எழுத்து வடிவில் 15 சென்டிமீட்டர் குழி வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரு அங்குலக் கனத்துக்குச் சீவி எடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளி, அரை கிலோ வரும்வரை குறையுங்கள். வரப்பு, எருக்குழி, மர நிழல் இருக்கிற இடம் வேண்டாம். ஆய்வகத்தில் சுண்ணாம்புத் தேவையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெறும் பி.எச். எண்ணை வைத்து எவ்வளவு சுண்ணாம்பு என்று சொல்ல முடியாது.

மாலூர்_ராகி

ஐயா சொன்னது போக, செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது அக்கா. கிழக்கிலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டி, புங்க மரத்தடியிலிருந்து ஒரு காய்ந்த மண்கட்டி, இரண்டும் கோலி அளவு. இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைத்து மெல்ல இறக்குங்கள். அசைக்காமல் பாருங்கள். தைல மரச் சருகு கிடந்த இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரையும் விட்டுப் பாருங்கள்.

ஆனேக்கல்_புங்கமரம்

சனிக்கிழமை போய்ச் செய்தோம். என் மகளும் உட்கார்ந்து பார்த்தாள்.

கிழக்குக் கட்டி தண்ணீரில் இறங்கியதும் குமிழி விட்டது. ஒரு நிமிடத்துக்குள் நான்கு புறமும் சரிந்து, அடியில் சேறாகப் படுத்துவிட்டது. தண்ணீர் முழுக்கச் செங்காவி. புங்க மரத்தடிக் கட்டி அரை மணி நேரம் கழித்தும் அப்படியே இருந்தது. ஓரத்தில் இரண்டு துணுக்கு மட்டும் உதிர்ந்தது. வெளியே எடுத்து உடைத்தால் உள்ளே நூல்நூலாக வேரும் வெள்ளையாகப் பூஞ்சை இழையும். தண்ணீர் கடைசிவரை தெளிவாகவே இருந்தது.

சருகு கிடந்த இடத்தில் விட்ட சொட்டு உருண்டு நின்றது. உள்ளே இறங்கவே இல்லை. காய்ந்த மண்ணில் தண்ணீர் நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஹெப்பாள்_மண்ணாய்வு

அருமையாகச் செய்திருக்கிறீர்கள். முதல் டம்ளரில் நடந்ததுதான் ஒவ்வொரு மழைக்கும் உங்கள் கிழக்கு நிலத்தில் நடக்கிறது. மழைத்துளி விழுந்ததும் கட்டி கரைந்து நுண்துகள் பிரிகிறது. அது மண்ணின் துளைகளை அடைக்கிறது. வெயில் பட்டதும் பொறுக்காகிறது. அடுத்த மழை உள்ளே போக வழியில்லாமல் மேலோடே ஓடி மிச்ச மண்ணையும் எடுத்துப்போகிறது. பெங்களூருப் பக்கம் ஆண்டுக்கு ஏறக்குறைய 970 மில்லிமீட்டர் மழை. குறைவு என்று சொல்ல முடியாது. பெய்ததை உள்ளே வாங்க முடியாத நிலத்துக்குத்தான் வறட்சி.

இரண்டாவது டம்ளரில் கட்டியைச் சேர்த்துப் பிடித்திருப்பது வேரும், பூஞ்சை இழையும், நுண்ணுயிர்களும் மண்புழுவும் விடுகிற பசையும். வேரோடு கூட்டு வாழ்கிற வேர்ப்பூஞ்சை, வேர் எட்டாத இடத்திலிருந்து மணிச்சத்தை இழுத்துக் கொடுக்கும். பயிர் அதற்குச் சர்க்கரை கொடுக்கும். பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தில் டி. ஜே. பாக்யராஜ் இந்தப் பூஞ்சைகளைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர். இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைக் கட்டிவைக்கிற செம்மண்ணில் இந்தக் கூட்டு இல்லாமல் பயிருக்குக் கதி இல்லை. இந்த இடத்தில் நானும் இயற்கைவழி நண்பரும் ஒரே பக்கம்.

தண்ணீர் இறங்காதது தைல இலையின் மெழுகும் எண்ணெயும் மண் துகள்மேல் படிந்ததால். அது மெல்ல மெல்ல மறையும். மண்ணை மூடி வைத்து ஈரம் காத்தால் சீக்கிரம் மறையும்.

சிவாஜிநகர்_இயற்கைவழி

ஐயா, உங்கள் கரிமக் கணக்கைப் படித்தேன். எதிர்வாதம் இல்லை. ஆனால் இந்த முறையைப் பரப்பிய சுபாஷ் பாலேக்கர் ஜீவாமிர்தத்தை மட்டும் சொல்லவில்லை. மூடாக்கும், அதாவது தாள் தழையால் மண்ணை மூடிவைப்பதும், மண்ணில் காற்றும் ஈரமும் சமமாக இருப்பதும் அவர் முறையின் தூண்கள். ஜீவாமிர்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூடாக்கை விட்டவர்களால்தான் இந்த முறைக்கே கெட்ட பெயர். நிலம் ஒரு நாள்கூட வெறுமையாக வெயிலில் கிடக்கக் கூடாது. அறுத்த தாளை அங்கேயே பரப்புங்கள்.

மாலூர்_ராகி

அண்ணா, தாளை அங்கேயே பரப்பினால் மாடு எதைத் தின்னும்? ராகித்தாள்தான் எங்கள் மாட்டுக்குக் கோடைத் தீவனம். பால் பணத்தில்தான் வீடு நடக்கிறது. ராகி விலைக்கு இணையாகத் தாள் விலை போகிற ஆண்டும் உண்டு. கூட்டங்களில் மூடாக்கு என்று சொல்கிறவர்கள் யாரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை.

நாங்கள் செய்வது இதுதான். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் அக்கடி சால் என்பார்கள்: ராகிக்கு நடுவே மொச்சை, துவரை, ஆமணக்கு, பேயெள் என்று சால் விட்டுப் போடுவது. ராகியை அறுத்த பிறகும் மொச்சையும் துவரையும் தை மாசிவரை நிலத்தை மூடி நிற்கும். அவற்றின் இலை உதிர்வதெல்லாம் நிலத்துக்கே. வரப்பில் புங்கனும் கிளைரிசிடியாவும். வைகாசியில் கிளைகழித்துத் தழையை நிலத்தில் போட்டு உழுவோம். தாள் மாட்டுக்கு, தழை மண்ணுக்கு.

சிவாஜிநகர்_இயற்கைவழி

நல்ல வழி. தீவனக் கேள்வியை நான் இவ்வளவு கிட்டத்தில் யோசித்ததில்லை. வரப்புத் தழையே மூடாக்காகலாம் என்பதை எங்கள் குழுவிலும் சொல்கிறேன். ஆனாலும் சுண்ணாம்பு விஷயத்தில் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

ஹெப்பாள்_மண்ணாய்வு

தயக்கம் வேண்டாம். சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் பாறைப்பொடிதான். பி.எச். 5.5க்குக் கீழே போனால் அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்குகிறது, வேர் குட்டையாகிறது, பயறு வேரில் தழைச்சத்து சேர்க்கிற ரைசோபியம் பாக்டீரியா முடிச்சுப் போடத் தயங்குகிறது. நீங்கள் நம்புகிற அந்த உயிர்களே அமில மண்ணில் மூச்சுத் திணறுகின்றன. டோலமைட்டில் மக்னீசியமும் சேர்ந்து வரும், நம் செம்மண்ணுக்கு அதுவும் தேவை. ஆனால் அளவு மீறக் கூடாது. மீறினால் துத்தநாகமும் போரானும் இன்னும் கிடைக்காமல் போகும், இவருக்கு ஏற்கெனவே அவை இரண்டும் குறைவு.

கொழுந்தனாருக்கும் ஒரு வார்த்தை. 100 கிலோ யூரியா உண்டாக்குகிற அமிலத்தைச் சரிசெய்ய ஏறக்குறைய 80 கிலோ சுண்ணாம்புக்கல் வேண்டும். யூரியா அம்மோனியமாகி, அம்மோனியத்தைப் பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் வெளிப்படுகிறது. இந்தியாவில் நீண்டகால உரச் சோதனைகள் 1970இல் தொடங்கின. பெங்களூருச் செம்மண்ணில் ராகி, மக்காச்சோளத்தை வைத்து அது நடக்கிறது. தழைச்சத்தை மட்டும் தொடர்ந்து போட்ட பாத்திகளில் மண் புளித்து விளைச்சல் சரிந்தது. சமச்சீர் உரத்தோடு தொழு உரமும் தேவைக்குச் சுண்ணாம்பும் சேர்ந்த பாத்திகள் நிலைத்து நின்றன. ரசாயன உரம் விஷம் என்றும் நான் சொல்ல மாட்டேன், தொழு உரம் மட்டுமே போதும் என்றும் சொல்ல மாட்டேன். 0.28 கரிமம் உள்ள மண்ணில் முதல் சில ஆண்டுகள் கொஞ்சம் மணிச்சத்து வெளியிலிருந்து வந்தே ஆக வேண்டும். அமில மண்ணானதால் பாறை பாஸ்பேட் மெல்லக் கரைந்து கொடுக்கும். அங்கக வேளாண்மையிலும் அதை ஏற்கிறார்கள்.

ஒயிட்ஃபீல்ட்_மாணவி

ஐயா, நான் சுற்றுச்சூழல் படிக்கிறேன். ஏரித் தூர்வாரும் மண்ணை லாரியில் கொண்டுவந்து கொட்டுகிறார்களே, அதை இந்த நிலத்துக்குப் போடலாமா? வண்டல் நல்லது என்று பாட்டி சொல்வார்.

ஹெப்பாள்_மண்ணாய்வு

பாட்டி சொன்னது முழு உண்மை, கிராமத்து ஏரிக்கு. வயல்களிலிருந்து மழை அடித்துப் போன களிமண்ணும் மட்கும்தான் ஏரியில் படிகிறது. கோடையில் மாட்டுவண்டியில் அதைத் திருப்பி ஏற்றி வந்து போட்டார்கள். மணற்பாங்கான செம்மண்ணுக்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

ஆனால் நகரக் கழிவுநீர் வந்து சேர்கிற ஏரி வேறு. பெல்லந்தூர் ஏரி நுரைத்ததையும் 2017இல் எரிந்ததையும் பார்த்தோம். சாக்கடையோடு தொழிற்சாலைக் கழிவும் வந்தால் காரீயமும் காட்மியமும் குரோமியமும் சேற்றில் தங்கிவிடும். மட்கிப் போகிற பொருள் அல்ல அவை. அதிலும் காட்மியம் அமில மண்ணில்தான் அதிகம் கரைந்து கீரைக்குள் ஏறும். பி.எச். 5.2 உள்ள நிலத்தில் அந்தச் சேற்றைப் போடுவதைவிட மோசமான சேர்க்கை இல்லை. கன உலோகச் சோதனை அறிக்கை இல்லாமல் எந்த நகர ஏரி மண்ணையும் வாங்காதீர்கள். ஒருமுறை கொட்டினால் திரும்ப எடுக்க முடியாது.

ஜீவன்பீமாநகர்_மாடி

வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் ஈரக்கழிவை நாங்களே உரமாக்குகிறோம். காய்கறித் தோல், பூ, மரத்திலிருந்து விழுகிற சருகு, இவ்வளவுதான். மாடித்தோட்டங்களுக்குக் கொடுத்தும் மிஞ்சுகிறது, எடுத்துப்போக ஆளில்லை. இந்த நகரம் ராகியும் கீரையும் தக்காளியுமாகச் சுற்றுவட்டார மண்ணை நாள்தோறும் தின்கிறது. மிச்சத்தைப் பிளாஸ்டிக்கோடு கலந்து மண்டூரிலும் மாவள்ளிபுரத்திலும் கொட்டினோம். அந்த ஊர்க்காரர்கள் நாற்றத்திலும் நோயிலும் கிடந்து போராடிய பிறகுதான் நிறுத்தினோம். ஆனேக்கல் அக்கா நம் பேட்டைக்காரர். அவருடைய நிலத்துக்கு எங்கள் உரம் போனால் எங்களுக்குச் சந்தோஷம். தரம் எப்படிப் பார்ப்பது என்று ஐயா சொல்ல வேண்டும்.

ஹெப்பாள்_மண்ணாய்வு

தாயே, இந்த இழையிலேயே எனக்கு மிகப் பிடித்த பதிவு இதுதான். வீட்டிலேயே பிரித்த ஈரக்கழிவில் உலோக பயம் மிகக் குறைவு. இருந்தாலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள்; உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி நகரக் கம்போஸ்ட்டில் காட்மியம் கிலோவுக்கு 5 மில்லிகிராம், காரீயம் 100 மில்லிகிராம் தாண்டக் கூடாது. கரிமம், தழைச்சத்து விகிதம் 20க்குக் கீழே இருக்க வேண்டும். பாதி மட்கியதை நிலத்தில் போட்டால் நுண்ணுயிர்கள் பயிரின் தழைச்சத்தைப் பிடுங்கித் தின்றுவிடும், பயிர் மஞ்சளாகும். கையில் எடுத்தால் சூடு இல்லாமல், காய்கறித் தோல் அடையாளம் தெரியாமல், மழை பெய்த மண் வாசனையோடு இருந்தால் தயார்.

ஆனேக்கல்_புங்கமரம்

மாடி அக்கா, ஞாயிறன்று வண்டியோடு வருகிறேன், மூட்டைகளை எடுத்து வையுங்கள்.

புது அறிக்கை வந்துவிட்டது. கிழக்கே பி.எச். 5.1, கரிமம் 0.26. மேற்கே 5.8, கரிமம் 0.61. ஒரே நிலத்துக்குள் இவ்வளவு வித்தியாசம். மேற்கே அக்கடி சால் போட்டு ராகி. கிழக்கே இந்த ஆண்டு ராகி இல்லை. சித்திரை மழைக்கு டோலமைட், பிறகு பசுந்தாள் உரத்துக்குச் சணப்பை விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுது, அதன்மேல் கொள்ளு. இரண்டுக்கும் நடுவே சரிவுக்குக் குறுக்காக ஒரு வரப்பு. கொழுந்தனாரும் சம்மதித்துவிட்டார். கம்போஸ்ட்டையும் டோலமைட்டையும் ஒரே நாளில் போடலாமா?

ஹெப்பாள்_மண்ணாய்வு

தனித்தனியாகப் போடுங்கள். டோலமைட்டை முதல் மழை ஈரத்தில் தூவி, மேலாக உழுது கலந்துவிடுங்கள்; அது வேலை செய்ய வாரங்கள் பிடிக்கும். ஆழ உழவு மட்டும் வேண்டாம், அடிமண் இன்னும் மேலே வரும். கம்போஸ்ட்டைச் சணப்பை மடக்கும்போது சேருங்கள். அம்மோனியம் உள்ள எந்த உரத்தையும் சுண்ணாம்போடு கலக்கக் கூடாது, தழைச்சத்து ஆவியாகிவிடும். அடுத்த ஆண்டு அறுவடை முடிந்ததும் அதே இடங்களில், அதே ஆழத்தில், அதே ஆய்வகத்தில் பாருங்கள்.

மாலூர்_ராகி

புங்கன் கன்றுக்கு வனத்துறை நாற்றங்காலில் கேளுங்கள் அக்கா, விலை குறைவு. கிருஷி அரண்ய புரோத்சாஹ யோஜனை என்ற வனத்துறைத் திட்டத்தில் பதிவு செய்தால் பிழைத்த கன்றுக்கு ஊக்கத்தொகையும் உண்டு. பஹணியும் (நிலப் பதிவு நகல்) ஆதார் நகலும் எடுத்துப் போங்கள். மொச்சை விதை நாட்டு ரகம் என்னிடம் இருக்கிறது. மாலூர் வந்தால் தருகிறேன்.